தப்பான பள்ளியில் ஒரு மாப்பிள்ளை

அத்தியாயம் பதினொன்று

வூட்டர் முஸ்லிம் ஆன செய்தி, பெண் வீட்டுக்குக் கசினா அத்தையின் கைப்பேசி வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அத்தை அப்போது கல்யாணக் கோழியைச் சோயாவில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

கிழக்குப் பள்ளிவாசலின் பளபளக்கும் டைல்ஸ் தரை. நடுவில் வூட்டர். தலை பெரிது, தொப்பி சிறிது. அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பெரிய மீன் பிடித்தவனைப் போல நிற்பவன் சுகார்தி, கல்யாணப் பெண்ணின் அண்ணன். படத்துக்குக் கீழே, 'சகோதரர் யூசுப் அவர்களை வரவேற்கிறோம்.'

வாசலில் பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த வாகிமானிடம் அத்தை போய் நின்றாள்.

"அண்ணே, உன் மாப்பிள்ளை மாறிட்டாரு."

"மாறணும்னுதானே நானும் சொன்னேன்."

"மாறினாரு. ஆனா அந்தப் பக்கமா மாறிட்டாரு."

வாகிமான் கயிற்றை விட்டார். பந்தலின் ஒரு மூலை அப்படியே சரிந்து, நேற்றைய மழைத்தண்ணீர் முழுவதையும் அடுக்கி வைத்த நாற்காலிகளின் மேல் கொட்டியது. அதை யாரும் துடைக்கவில்லை. எங்கள் ஊர் தமன்ரெஜோவில் வேடிக்கைக்கு ஆள் கிடைக்கும், துடைக்க ஆள் கிடைக்காது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் முன்னோர் ஜாவாவில் மேற்கே பார்த்துத் தொழுதவர்கள். அங்கிருந்து மக்கா மேற்கே. கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து சுரினாமின் கரும்புத் தோட்டத்தில் இறக்கினார்கள். இங்கிருந்து மக்கா கிழக்கே. ஆனால் அப்பன் பார்த்த திசையை மாற்றுவதாவது என்று இங்கேயும் மேற்கையே பார்த்தார்கள். பிறகு சிலர் விவரம் தெரிந்து கிழக்கே திரும்பினார்கள். அதோடு விட்டார்களா? திரும்பாதவனை ஏளனம் செய்வதையே பாதி மார்க்கம் ஆக்கிக்கொண்டார்கள். திரும்பாதவர்கள், திரும்பியவன் வீட்டுச் சோற்றைத் தொடாமலிருப்பதை மீதிப் பாதி ஆக்கிக்கொண்டார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் ஒரு பள்ளி. இரண்டிலும் சேர்த்து ஒரு வரிசை நிரம்பினால் அன்றைக்குப் பெருநாள் என்று அர்த்தம்.

வாகிமான் மேற்குப் பள்ளியில் முன்னால் நின்று தொழ வைப்பவர். சுகார்தி கிழக்குப் பள்ளியின் செயலாளர். அப்பனும் மகனும் ஒரே சந்தையில், ஒரே கடையில், வேறு வேறு நேரத்தில் மீன் வாங்குகிறவர்கள்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து இறங்கியிருக்கிறாள் கல்யாணப் பெண் ரமினி. நெதர்லாந்தில், ராட்டர்டாமில் மருந்தாளுநர். அங்கே நம் தலைநகர் பரமரிபோவிலிருந்து போன இரண்டு பெண்களோடு விடுதியில் இருப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அந்த விடுதி எவ்வளவு தூரம் உண்மை என்பது போன வாரமே உங்களுக்குத் தெரியும். வூட்டரைக் கட்டிக்கொள்ள அவளுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை, அந்த ஊர்ச் சட்டப்படி. ஆனாலும் அப்பா கையால் பிடித்துக் கொடுத்தால்தான் அது கல்யாணம் என்று ஒரு பிடிவாதம். செத்துப்போன அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. வீட்டுப் பழக்கம் எல்லாவற்றையும் பார்த்து உதட்டைச் சுழிப்பவள், இந்த ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்கிறாள்.

வூட்டரும் நல்ல பையன்தான். எதைச் சொன்னாலும் சரி என்பான். விமானத்தில் வரும்போது, முஸ்லிம் ஆகச் சொல்ல வேண்டிய கலிமா கஷ்டமா என்று கேட்டிருக்கிறான். "ஒரு வரிதான். வாயால சொன்னா போதும், அப்பாவுக்காக," என்று ரமினி அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவனும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வழியெல்லாம் முணுமுணுத்துப் பழகினான்.

நாளைக் காலையில் நிக்காஹ். அதற்கு முன்னால், மேற்குப் பள்ளியில், ஊர் முன்னிலையில் அவன் அதைச் சொல்வதாக ஏற்பாடு. வாகிமான் புதுச் சட்டை தைத்து வைத்திருந்தார். வெள்ளைக்காரன் ஒருவன் தன் பள்ளியில், தன் பக்கத்தில் மண்டியிட்டு உட்காருவதைத் தெரு முழுக்கப் பார்க்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு இருந்த ஆசை கொஞ்சமில்லை. அதற்கு மார்க்கம் என்று அவர் பேர் வைத்திருந்தார்.

வூட்டர் திரும்பி வந்தபோது தொப்பியைக் கழற்றவேயில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"முடிஞ்சிடுச்சு," என்றான் ரமினியிடம். "உன் அண்ணன் சும்மா பள்ளியைச் சுத்திக் காட்டறேன்னு கார்ல கூட்டிட்டுப் போனாரு. அங்க எல்லாரும் ரெடியா இருந்தாங்க. இன்னிக்கே சொல்லிட்டா நாளைக்கு உங்களுக்கு வேலை மிச்சம்னு நினைச்சேன்."

"அது அண்ணனோட பள்ளி, வூட்டர்."

"ஆமா. ரொம்ப சுத்தமா இருந்துச்சு."

ரமினி அவனைப் பார்த்தாள். ராட்டர்டாமில் குப்பையைக் கண்ணாடிக்கு ஒரு தொட்டி, காகிதத்துக்கு ஒரு தொட்டி என்று பிரித்துப் போட வாரம் தவறாமல் நினைவூட்டுபவன். இங்கே இரண்டு பள்ளி இருப்பது அவன் கண்ணில் படவில்லை.

வாகிமான் அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகளிடம்தான் பேசினார், அதுவும் ஊர்ப் பெண்கள் காது கேட்கும்படி.

"மாப்பிள்ளைய அவன் எடுத்துக்கிட்டான். பொண்ணையும் அவனே எடுத்துக்கட்டும். நாளைக்கு அவனே கை குடுக்கட்டும். எனக்குப் பந்தல் வேலை இருக்கு."

"அப்பா, அவனுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

"தெரியாதவனுக்கு எதுக்குத் தொப்பி?"

"நான் வேணா மறுபடி சொல்றேன்," என்றான் வூட்டர் உதவி செய்யும் குரலில். "உங்க பள்ளியில. எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லலாம்."

சமையல் கொட்டகையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. வாழையிலையில் சோறு மடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "குளிர்பானம் மாதிரி, திரும்பத் திரும்ப ஊத்திக்கலாம்னு நினைச்சிட்டாரு போல," என்றாள். கொட்டகை சிரித்தது. வூட்டரும் சேர்ந்து சிரித்தான், எதற்கென்று தெரியாமலே.

ரமினிக்குக் காது சுட்டது. இந்த மனிதன் ஒரு தேநீர் வாங்குவதற்கும் நன்மை தீமை யோசிப்பவன். அவள் அம்மா சாகும்போது கடைசியாக வாய்விட்டுச் சொன்ன வார்த்தைகளை, சிரித்துக்கொண்டே, எத்தனை தடவை வேண்டுமானாலும் என்கிறான். அந்த நிமிஷம் அவனைக் கேவலமாகத்தான் நினைத்தாள். அவளே சொல்லிக்கொடுத்தது என்பது அந்த நிமிஷம் நினைவுக்கு வரவில்லை. தன் கணக்கில் வர வேண்டியதை அடுத்தவர் கணக்கில் எழுதுவதில் எங்கள் ரமினி கெட்டிக்காரி.

மதியத்துக்கு மேல் சுகார்தி வந்தான். வாசலிலேயே அத்தர் வாசனை. அப்பன் வீட்டு வாசற்படியில் அவன் கால் வைத்து எவ்வளவு காலமாயிற்று என்று கொட்டகையில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

கொட்டகை மூலையில் கசினா அத்தை, செத்துப்போன அண்ணிக்குப் படையல் வைத்திருந்தாள். கறுப்புக் காப்பி, ஒரு முட்டை, கொஞ்சம் பூ, அண்ணி ஒளித்து ஒளித்துப் புகைத்த சுருட்டு ஒன்று. சுகார்தியின் கண் நேராக அங்கேதான் போனது.

"அத்தே, இதை எடு. இது ஷிர்க், அல்லாவுக்கு இணை வைக்கற பாவம்."

"உங்கம்மாவுக்குடா வச்சிருக்கேன்."

"அம்மாவுக்கு நான் துஆ செய்யறேன். காப்பி வேண்டாம்."

"காப்பி கேட்டு வளந்தவ அவ. உன் துஆவைக் குடிச்சா அவளுக்குத் தாகம் தீருமா?"

கொட்டகை மறுபடி சிரித்தது. சுகார்திக்குச் சிரிப்பு பிடிக்காது. செயலாளர் ஆன பிறகு அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. நேராகத் தங்கையிடம் திரும்பினான்.

"ரமினி, நான் சண்டைக்கு வரல. யூசுபை நாங்க ஏத்துக்கிட்டாச்சு. நாளைக்கு நிக்காஹ் நம்ம பள்ளியில. அப்பா இடத்துல நானே உனக்கு 'வலி'யா, பொறுப்பாளியா நின்னு கை குடுக்கறேன்."

"அப்பா உயிரோட இருக்காரு அண்ணே. அப்பா இருக்கும்போது அண்ணன் கை குடுக்க முடியாதுன்னு உன் புஸ்தகத்துலயே இருக்கும்."

"இருக்கு. ஆனா அது அப்பா முஸ்லிமா இருந்தா."

பந்தல் கயிறு கட்டிக்கொண்டிருந்த வாகிமானின் கை நின்றது. அவர் திரும்பவில்லை.

"என்ன சொன்னே?" என்றாள் ரமினி.

"கோபப்படாதே. சட்டத்தைச் சொல்றேன். தொழ வேண்டிய கிப்லா திசை தெரிஞ்சும் வேணும்னே எதிர்ப்பக்கம் பாத்துத் தொழறவர் தொழுகை, தொழுகையே இல்ல. காலம் பூரா தொழுகை இல்லாதவர் ஒரு முஸ்லிம் பொண்ணுக்குக் கை குடுத்தா அது செல்லாது. நான் சொல்லல, மார்க்கம் கரைச்சுக் குடிச்ச பெரிய ஆலிம்கள் சொல்றாங்க."

எந்த ஆலிம் என்று அவன் சொல்லவில்லை. அவன் கைப்பேசியில் எல்லா ஆலிமும் ஒரே அளவுக்குத்தான் தெரிவார்கள்.

ரமினி உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து எழுந்தாள். அவளுக்கு மார்க்கம் தெரியாது. ஆனால் மருந்துச்சீட்டில் ஒன்றோடொன்று சேரக்கூடாத இரண்டு மாத்திரை இருந்தால் பார்த்ததும் தெரியும்.

"அண்ணே, அம்மாவுக்கு நிக்காஹ் பண்ணி வச்சது யாரு?"

"தாத்தா."

"எந்தப் பக்கம் பாத்துத் தொழுதவரு?"

சுகார்தியின் பார்வை படையல் பக்கம் போனது.

"கை குடுத்தவரு மேற்கு. கை வாங்கினவரு மேற்கு. சாட்சி நின்னவங்க ரெண்டு பேரும் மேற்கு. நீ சொல்றபடி பாத்தா ஒருத்தரும் முஸ்லிம் இல்ல. அப்ப அந்த நிக்காஹே இல்ல. அம்மாவும் அப்பாவும் சும்மா சேந்து இருந்திருக்காங்க." கொட்டகையைச் சுற்றி ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அப்ப நீயும் நானும் யாருண்ணே? உன் பள்ளியில நம்மள மாதிரி ஆளுங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க? செயலாளரையும் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமா?"

யாரோ ஒருத்தி கரண்டியைக் கீழே போட்டாள். கசினா அத்தை தோள் துண்டை வாயில் திணித்துக்கொண்டாள். சுகார்தியின் முகம் சாம்பல் நிறமானது. வந்த வழியே போனான். அத்தர் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

வாகிமான் அப்போதுதான் திரும்பினார். சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை. மகள் பேசியது அவருக்கு நியாயமாகப் பட்டதா, மகன் தலை குனிந்தது இனிப்பாக இருந்ததா என்று கேட்டால் இரண்டாவது என்றுதான் நான் சொல்வேன்.

"சட்டம் படிச்சவனுக்கே சட்டம் சொல்லிட்டாளே," என்றார் கொட்டகைக்கு. பிறகு மகளிடம், குரல் இளகி, "நாளைக்கு நானே கை குடுக்கறேன், போ. மாப்பிள்ளைத் தம்பியையும் உக்காரச் சொல்லு. வெயில்ல நிக்கறாரு."

ரமினிக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்த நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்தாள். அத்தை ஒரு தட்டில் பொரித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அப்பா, மகள், மாப்பிள்ளை மூவரும் ஒரே தட்டில் கை வைத்தார்கள். சம்பல் காரத்தில் வூட்டர் காது சிவந்ததைப் பார்த்து வாகிமான் தன் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். இந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்திருக்கலாம். மனிதர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே.

"அங்க மக்கா எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார் வாகிமான். உள்நோக்கம் எதுவும் இல்லை. கிழங்கைக் கடித்துக்கொண்டே, பேச்சுக்குக் கேட்டார். "நீ எந்தப் பக்கம் பாத்துத் தொழுவே?"

"தென்கிழக்குப்பா," என்றாள் ரமினி, ஒரு நொடியும் தயங்காமல்.

திசை சரிதான். அதைப் பள்ளிக்கூட வரைபடத்தில் பார்த்தே சொல்லலாம்.

வூட்டர் ஆர்வமாக நிமிர்ந்தான். புதிதாகச் சேர்ந்தவன் அல்லவா, எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் அவனுக்கு.

"அப்படியா? நீ தொழுவியா? நம்ம வீட்ல எங்க தொழுவே? தென்கிழக்குன்னா கட்டில் இருக்கற பக்கம்ல? இத்தனை நாள்ல நான் பாத்ததே இல்லையே. பாய் கூட இல்லையே நம்மகிட்ட."

அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதுதான் அவனிடம் உள்ள கொடுமை. ஒரே மூச்சில் இரண்டு உண்மையைத் தட்டில் வைத்துவிட்டு, இன்னொரு கிழங்கை எடுத்துச் சம்பலில் தொட்டான்.

நம்ம வீடு. கட்டில்.

சற்று முன்னால் கரண்டியைக் கீழே போட்டவள் இப்போது அதை மெதுவாக எடுத்து மேலே வைத்தாள். 'சும்மா சேந்து இருந்திருக்காங்க' என்று ரமினி கொட்டகை அதிரச் சொன்னது அங்கே எல்லாருக்கும் இன்னும் காதில் இருந்தது. ரமினிக்கும் இருந்தது.

வாகிமான் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். எழுந்தார். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார். ஒரு விரல் விடாமல் கழுவினார்.

"விடுதின்னியே," என்றார்.

ரமினி தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"கட்டிலை நான் கேக்கல. அதை உங்கம்மா கேட்டிருப்பா, அவ இல்ல. நான் இதைக் கேக்கறேன். நான் தப்பான பக்கம் பாக்கறேன்னு ஊரே சொல்லுது. எனக்கும் தெரியும். உலக உருண்டையை நானும் பாத்திருக்கேன். இருந்தாலும் நிக்கறேன், தினமும். நீ எந்தப் பக்கமும் பாக்கறதில்ல. ஆனா என் கை மட்டும் வேணும் உனக்கு."

"அப்பா..."

"நாளைக்கு விடியல்ல, சுபுஹு தொழுகைக்கு என் பள்ளிக்கு வா. எனக்குப் பின்னால நின்னு தொழு. நின்னா கை குடுக்கறேன். இல்லன்னா கோழி வெட்டியாச்சு, ஊர் சாப்பிட்டுப் போகட்டும். நான் சட்டையைக் கழட்டிட்டு வயலுக்குப் போறேன்."

அதில் முழுக்க அப்பன் மனசு மட்டும் இருந்தது என்று நம்பிவிடாதீர்கள். மகள் விடியலில் தன் பின்னால் நிற்பதை எதிர்ப் பள்ளிக்காரன் ஜன்னல் வழியாகப் பார்ப்பான் என்ற கணக்கும் அதில் ஓரமாக இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி பொய்யில்லை.

சாயங்காலம் வீட்டுப் பின்புறம், வாய்க்கால் ஓரம், கவிழ்த்துப் போட்ட படகின் மேல் ரமினி உட்கார்ந்திருந்தாள். வூட்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தொப்பி இப்போது சட்டைப் பையில் இருந்தது.

"நான் எதையோ கெடுத்துட்டேன்ல?"

"ஆமா."

"ஆனா பொய் சொல்லலையே."

"அதை மட்டும் சொல்லாதே வூட்டர். தயவுசெஞ்சு."

வாய்க்காலில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டான். பிறகு, நிஜமாகவே அவளுக்கு ஆறுதல் சொல்ல நினைத்து, அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

"போய் நின்னுட்டு வந்துடேன். என்ன ஆயிடப் போகுது? நம்பணும்னுகூட இல்ல. வாயால சொன்னா போதும், அப்பாவுக்காக. நீதானே சொன்னே."

ரமினி கையை உருவிக்கொண்டாள். காலையில் இவனைப் பார்த்து வந்த அதே அருவருப்பு மறுபடி வந்தது. ஆனால் இந்தத் தடவை அதைக் கொண்டுபோய் அவன் மேல் போட முடியவில்லை. அவன் திருப்பிக் கொடுத்தது அவளுடைய சொந்த வார்த்தை. ஒரு எழுத்தும் மாறவில்லை.

கசினா அத்தை கொல்லைப்புறக் கதவைத் திறந்து வந்தாள். மடித்த வெள்ளைத் துணி ஒன்றை ரமினியின் மடியில் போட்டாள். தலையிலிருந்து கால்வரை மூடும் தொழுகை அங்கி.

"உங்கம்மாவோடது. மாசா மாசம் துவைச்சுத்தான் வைக்கறேன். போட்டுக்கறதும் போட்டுக்காததும் உன் பாடு," என்றாள். வூட்டர் பக்கம் திரும்பாமலே, "வெள்ளைக்காரரைச் சாப்பிடச் சொல்லு," என்று சேர்த்துக்கொண்டு போய்விட்டாள்.

வூட்டர் சாப்பிடப் போனான். அவனுக்கு எப்போதும் பசிக்கும்.

ரமினி அங்கியை விரிக்கவில்லை. சின்ன வயதில் இதே துணிக்குப் பக்கத்தில் நின்று தொழுதது எத்தனை வருஷத்துக்கு முன்னால். எல்லாம் மறந்திருக்கும் என்று நினைத்தாள். மறந்திருந்தால் நல்லது என்றும் நினைத்தாள். 'எனக்கு வரலப்பா, தெரியல' என்று அப்பாவிடம் போய் நின்றுவிடலாம். அந்த ஒன்றாவது பொய்யாக இருக்காது.

சோதித்துப் பார்க்க, உதட்டை அசைத்து மெதுவாக ஆரம்பித்தாள். முதல் வரி வந்தது. அடுத்தது தானாக வந்தது. நிறுத்தும் இடம், குனியும் இடம், எழும்போது சொல்வது, உட்கார்ந்து சொல்வது, வலப்பக்கம் திரும்பிச் சொல்வது, இடப்பக்கம் திரும்பிச் சொல்வது. ஒன்றும் விட்டுப்போகவில்லை. மனசு வாய்க்காலில் மிதந்த ஒரு பிளாஸ்டிக் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டது.